முனையம் வந்த வழி



கொலன்னாவையில் ஒருவர் "முனையம்" என்று சொன்னால், கேட்போர் மனத்தில் முதலில் தோன்றுவது அங்குள்ள எண்ணெய்க் களஞ்சியமே. கொழும்புத் துறைமுகத்தில் இறக்கப்பெறும் எண்ணெய் குழாய் வழியாக அவ்விடத்தை அடைந்து, பெருந்தாங்கிகளில் தங்கி, பின்னர் நாட்டின் பல பாகங்களுக்கும் செல்லுகின்றது. ஒரு வழி முடிந்து இன்னொரு வழி தொடங்கும் இடத்துக்கு முனையம் என்னும் பெயர் பொருத்தமானதே. ஆயினும் இன்று நாம் ஆராயப் புகுவது அம்முனையத்தை அன்று. கணினித் திரையிலே எழுத்துக்களால் ஆணையிட்டு, எழுத்துக்களாலேயே விடை பெறுவதற்கு உதவும் ஒரு சாளரம் உண்டு. அதனையும் முனையம் என்றே கணினித் துறையார் வழங்குவர். அதன் வரலாறே இன்றைய பேச்சின் பொருளாகும்.

லினக்ஸ் முதலிய கட்டற்ற மென்பொருள்களைக் கற்கப் புகும் மாணவர், இச்சாளரத்தை முதன்முதலாகத் திறந்தவுடன் சற்றே மருள்வது இயல்பு. படங்களைச் சுட்டி வேலை செய்யும் இக்காலத்தில் எழுத்தால் ஆணையிடும் முறை ஏன் நிலைத்திருக்கின்றது? ஆணைச் சொற்கள் ஏன் இத்துணைக் குறுகியனவாய் உள்ளன? மற்றைய இடங்களில் படியெடுக்க உதவும் கன்ட்ரோல், சி என்னும் இரு விசைகளும், இங்கு நடைபெறும் வேலையை நிறுத்திவிடுவது ஏன்? கொலன்னாவை என்னும் ஊர்ப்பெயரைத் தமிழிலே எழுதினால், பல முனையங்களில் அதன் எழுத்துக்கள் இடம் மாறிச் சிதைவது ஏன்? இந்நான்கு வினாக்களுக்கும் விடை கணினி பிறப்பதற்கு முன்னரே தொடங்குகின்றது.

1850களில் ஐரோப்பாவிலிருந்து வரும் கப்பல்கள் காலித் துறைமுகத்தையே அடைந்தன. அவை கொணர்ந்த செய்தியைக் கொழும்புக்கு விரைந்து அனுப்புவதற்கு ஒப்சேவர் பத்திரிகையார் புறாக்களைப் பயன்படுத்தினர். 1858ஆம் ஆண்டிலே கொழும்புக்கும் காலிக்கும் இடையில் இந்நாட்டின் முதலாவது தந்தித் தொடர்பு ஏற்பட்டது. அதன்பின் புறாக்களுக்கு வேலை இல்லாது போயிற்று. பின்னாளில் வானொலியும் தந்தித் துறையிலிருந்தே தோன்றிற்று. தந்திப் பகுதியின் பொறியியலாளராயிருந்த எட்வர்ட் ஹார்ப்பர் என்பாரின் முயற்சியால், 1925ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கப்பெற்றது. ஆகவே, இப்பேச்சைத் தாங்கிவரும் ஊடகமும், இப்பேச்சின் பொருளாகிய முனையமும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் எனலாம்.

தந்தியின் குறை யாதெனில், குறிகளைக் காதாற் கேட்டு எழுத்தாக மாற்றுவதற்குப் பயின்ற ஆள் வேண்டும் என்பதே. அக்குறையைப் போக்க முயன்றோருள் முதன்மையானவர் பிரான்சு நாட்டவராகிய எமில் போதோ. 1874ஆம் ஆண்டிலே அவர் உரிமை பெற்ற முறையில், ஒவ்வோர் எழுத்தும் ஐந்து குறிகளால் ஆயது. ஒவ்வொரு குறியும் உண்டு, இல்லை என்னும் இரண்டில் ஒன்றாகும். இரண்டை ஐந்து முறை பெருக்கினால் 32 வேறுபாடுகள் கிடைக்கும். ஆங்கில நெடுங்கணக்கின் 26 எழுத்துக்களுக்கு அது போதியதாயிற்று. 247 எழுத்துக்களையுடைய தமிழை அம்முறையை அமைத்தோர் எண்ணிப் பார்க்க வேண்டிய தேவை எழவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டொனால்ட் மறே என்பார் இதனைத் தட்டெழுத்துப் பொறியோடு இணைத்தார். காகிதம் தாங்கிய வண்டியை வரியின் தொடக்கத்துக்குத் திருப்புதற்கு ஒரு குறியும், காகிதத்தை ஒரு வரி மேலே தள்ளுதற்கு ஒரு குறியும் அவரால் வகுக்கப்பெற்றன. எழுத்து ஆகாத, ஆனால் இயந்திரத்துக்கு ஆணையாகும் குறிகள் இவ்வாறே எழுத்துக்களோடு ஒரே கம்பியிற் செல்லத் தொடங்கின.

இவ்வழியில் வளர்ந்ததே ரெலிரைப் என்னும் தொலையச்சுப் பொறி. ஓரிடத்தில் விசையை அழுத்தினால், தொலைவிலுள்ள மற்றோரிடத்தில் அதே எழுத்து அச்சாகும். 1963ஆம் ஆண்டில் வெளிவந்த 33ஆம் மாதிரி ரெலிரைப் பொறி, ஒரு நொடிக்குப் பத்து எழுத்துக்களையே அச்சிட வல்லது; அதுவும் ஆங்கிலப் பேரெழுத்துக்களை மட்டுமே. அதே ஆண்டில் அமெரிக்காவிலே ஆஸ்கி என்னும் குறியீட்டு நியமமும் வெளியாயிற்று. அதில் 128 இடங்கள் உண்டு. மூன்றாம் இடம் "உரை முடிந்தது" என்பதையும், நான்காம் இடம் "அனுப்புதல் முடிந்தது" என்பதையும் குறித்தன. ஏழாம் இடம் எதிர்ப்புறத்து மணியை ஒலிக்கச் செய்வது. கன்ட்ரோல் விசையோடு சி என்னும் எழுத்தை அழுத்தினால் பிறப்பது அம்மூன்றாம் குறியே. முனையத்திலே அவ்விரு விசைகளும் நடைபெறும் வேலையை நிறுத்துவதன் காரணம் இப்பொழுது விளங்கும். இதனாலேயே முனையத்தில் படியெடுக்க விரும்புவோர் சிஃப்ட் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டியவராகின்றனர்.

1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி முதலியோர் யுனிக்ஸ் என்னும் இயக்க முறைமையை உருவாக்கினர். கணினியோடு பேசுவதற்கு அவர்களுக்கு வாய்த்த கருவி ரெலிரைப் பொறியே. நொடிக்குப் பத்து எழுத்து என்னும் வேகத்தில், கனத்த விசைகளை ஒவ்வொன்றாக அழுத்தி எழுதுவோர் சொல்லைச் சுருக்குவதில் வியப்பில்லை. கோப்புக்களின் பட்டியலைக் காட்ட எல்.எஸ்., படியெடுக்க சி.பி., இடம் மாற்ற எம்.வி. என்று ஈரெழுத்து ஆணைகள் வழக்கில் வந்தன. 1973ஆம் ஆண்டிலே ஓர் ஆணையின் விடையை மற்றோர் ஆணைக்கு நேரே ஊட்டும் முறையும் சேர்க்கப்பெற்றது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் குழாய் என்பதே. சிறிய ஆணைகளைக் குழாயால் இணைத்துப் பெரிய வேலையை முடிக்கலாம். படத்தைச் சுட்டும் முறையிலே எளிதிற் கைகூடாத ஆற்றல் இது. எழுத்தால் ஆணையிடும் முறை இன்றுவரை நிலைத்திருப்பதற்கு இதுவே தலையாய காரணம்.

பின்னர் காகிதத்தின் இடத்தைக் கண்ணாடித் திரை பிடித்தது. திரையும் விசைப்பலகையும் கொண்ட முனையங்களுள் பெரும்புகழ் பெற்றது, டிஜிற்றல் எக்குவிப்மென்ற் நிறுவனம் 1978ஆம் ஆண்டில் வெளியிட்ட வி.ரி. 100 என்பதாகும். அதன் திரையில் 24 வரிகள்; வரிக்கு 80 கட்டங்கள். அந்த 80 என்னும் எண்ணும் புதியதன்று. 1928ஆம் ஆண்டிலே ஐ.பி.எம். நிறுவனம் கொண்டுவந்த துளையட்டையின் 80 நிரல்களிலிருந்து வழிவழியாக வந்தது அது. ஆக, திரை என்பது 1920 சிறு கட்டங்கள் கொண்ட சதுரங்கப் பலகை போன்றது. கட்டம் ஒன்றுக்கு எழுத்து ஒன்று என்பதே அதன் விதி. இவ்விதியை நேயர்கள் நினைவிற் கொள்ளல் வேண்டும். தமிழுக்கு இடர் நேர்ந்த இடம் இதுவே.

கணினி சிறுத்து மேசைக்கு வந்தபின், தனி முனையம் வேண்டாததாயிற்று. ஆயினும் அதற்கென எழுதப்பெற்ற நிரல்கள் பல இருந்தன. எனவே, பழைய பொறியைப் போல நடிக்கும் ஒரு நிரலை எழுதி, அதனைச் சாளரத்தினுள் வைத்தனர். 1984ஆம் ஆண்டில் எம்.ஐ.ரி. என்னும் அமெரிக்கக் கல்விக்கூடத்துடன் தொடர்புற்றுப் பிறந்த எக்ஸ்-ரேம் இவ்வகையில் மூத்தது. இத்தகையதை நாம் "முனையப் போலி" என்று சொல்லலாம். இங்கே போலி என்பது பொய்ப் பொருள் என்னும் கருத்தில் அன்று. இலக்கண நூலார் கூறும் போலி போன்றது. முகம் என்னும் சொல்லில் மகரம் நின்ற இடத்தில் னகரம் வந்து முகன் என ஆயினும், பொருள் மாறுவதில்லை. அவ்வாறே வி.ரி. 100 நின்ற இடத்தில் ஒரு நிரல் நிற்கின்றது, வேலை மாறவில்லை. இன்றும் லினக்ஸ் முனையத்தில் ரி, ரி, வை என்னும் மூன்று எழுத்துக்களை அழுத்தினால், அம்முனையத்தின் பெயர் விடையாக வரும். அம்மூன்றும் ரெலிரைப் என்பதன் சுருக்கமே.

லினக்ஸ் என்னும் இயக்க முறைமையே ஒரு முனையப் போலியிலிருந்து வளர்ந்தது என்பது பலர் அறியாத செய்தி. 1991ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பின்லாந்து நாட்டு மாணவராகிய லினஸ் டோர்வால்ட்ஸ் புதுக் கணினி ஒன்றை வாங்கினார். ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்துக் கணினியோடு தொலைபேசி வழியாகத் தொடர்புகொள்ளுதற்கென அவர் ஒரு முனையப் போலியை எழுதினார். அதில் இரு பணிகள் மாறி மாறி நடந்தன. ஒன்று விசைப்பலகையிலிருந்து கம்பிக்கு எழுத்தை அனுப்பும். மற்றையது கம்பியிலிருந்து திரைக்கு எழுத்தைக் கொணரும். பின்னர் கோப்புக்களைச் சேமிக்கும் வசதியை அதனோடு சேர்க்க, அது மெல்ல மெல்ல ஓர் இயக்க முறைமையின் கருவாக மாறிற்று. அவ்வாண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் அவர் தம் முயற்சியை உலகுக்கு அறிவித்தார். 1983ஆம் ஆண்டு முதல் ரிச்சார்ட் ஸ்ரோல்மன் நடத்திவந்த குனூ இயக்கத்தின் கருவிகள் அதனோடு சேர்ந்தன. 1996இல் கே.டி.ஈ., 1997இல் க்னோம் என்னும் மேசைத்தளங்களின் பணி தொடங்கிற்று. 2004இல் உபுண்டு வெளிவந்தது. கே.டி.ஈ.க்குக் கொன்சோல் என்றும், க்னோமுக்குக் க்னோம் முனையம் என்றும் தனித்தனி முனையங்கள் அமைந்தன.

இத்தகைய கணினியில் முனையத்தை நிறுவும் முறை எளியதே. பெரும்பாலும் ஒரு முனையம் முன்னரே அமைந்திருக்கும். உபுண்டுவில் கன்ட்ரோல், ஆல்ட், ரி என்னும் மூன்று விசைகளை ஒருங்கே அழுத்தினால் அது திறக்கும். வேறொரு முனையம் வேண்டுமாயின், அதனுள்ளேயே ஆணையிட்டுப் பெறலாம். சூடோ, ஆப்ட், இன்ஸ்ரோல் என்னும் மூன்று சொற்களையும், விரும்பும் முனையத்தின் பெயரையும், ஒவ்வொன்றின் நடுவிலும் ஓர் இடம் விட்டு, ஆங்கிலச் சிற்றெழுத்தில் எழுதுதல் வேண்டும். சூடோ என்பது இவ்வொரு வேலைக்கு மட்டும் நிருவாகியின் அதிகாரத்தை இரவல் வாங்குவது. ஆப்ட் என்பது இணையக் களஞ்சியத்திலிருந்து மென்பொருளைக் கொணரும் ஏவலாள். கணினி கடவுச்சொல்லைக் கேட்கும். அதனை எழுதும்போது திரையில் வழக்கமாக ஒன்றும் தோன்றாது. அதனைக் கண்டு விசைப்பலகை பழுதுற்றதென எண்ணுதல் வேண்டா. காகிதத்தில் அச்சிட்ட காலத்தில், எழுதிய கடவுச்சொல் காகிதத்திலேயே நின்று பிறர் கண்ணிற் படும். ஆதலால் அது மறைக்கப்பெற்றது. அவ்வழக்கமே தொடர்கின்றது. பயில்வோர் மனத்திற் கொள்ள வேண்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு: பொருள் விளங்காத ஆணையை, அதிலும் நிருவாகியின் அதிகாரத்தோடு, ஒருபொழுதும் இடலாகாது. முனையம் தயங்காது, இரண்டாம் முறை கேட்காமலே அழித்துவிடும் ஆணைகளும் உள.

இனித் தமிழுக்கு வருவோம். கட்டத்துக்கு ஓர் எழுத்து என்னும் இடரைத் தமிழர் முதலில் எதிர்ப்பட்டது கணினியில் அன்று, தட்டெழுத்துப் பொறியிலேயாம். 1886ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிற் பிறந்து, பின்னர் மலாயா சென்று வாழ்ந்த இராமலிங்கம் முத்தையா அவர்களே தமிழ்த் தட்டெழுத்துப் பொறியை வடிவமைத்தவராகப் போற்றப்படுபவர். தமிழ்ப் பொறியிலே நகராத விசைகள் சில உண்டு. புள்ளியை அழுத்தினால் புள்ளி விழும், வண்டி நகராது. அடுத்து மெய்யின் உருவை அழுத்த, அது புள்ளியின் கீழேயே அமையும். கொகரத்தை எழுதுவோர் கொம்பையும், ககரத்தையும், அரவையும் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே அழுத்தினர். பொறி மொழிக்கு இணங்கிற்று. எழுதுவோரும் பொறிக்குச் சிறிது இணங்கினர்.

கணினியில் இவ்வரிசை மாறிற்று. 1991ஆம் ஆண்டில் வெளியான ஒருங்குறி நியமத்தின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. அதில் எழுத்துக்கள் ஒலிக்கும் வரிசையிலே சேமிக்கப்பெறும். முதலில் ககரம், பின் ஒகரக் குறி என்பது முறை. திரையில் வரையும்போது அக்குறி இரண்டாகப் பிரிந்து, கொம்பு முன்னும் அரவு பின்னுமாக நிற்றல் வேண்டும். 1992இல் கென் தொம்சனும் றொப் பைக்கும் வகுத்த யு.ரி.எஃப்.-8 முறைப்படி, தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைற்றுக்களைக் கொள்ளும். ரெலிரைப் பொறியில் யுனிக்ஸைத் தொடங்கிய அதே தொம்சன், தமிழும் யுனிக்ஸ் வழியிற் செல்லுதற்கு இவ்வாறு கதவு திறந்தமை குறிப்பிடத்தக்கது.

இப்பொழுது கொலன்னாவை என்னும் பெயரை எடுத்துக்கொள்வோம். நம் கணக்கில் அது கொ, ல, ன், னா, வை என ஐந்து எழுத்துக்கள். ஒருங்குறிக் கணக்கில் ஒன்பது குறிகள். சேமிப்புக் கணக்கில் 27 பைற்றுக்கள். முனையங்கள் பலவும் சார்ந்து நின்ற மார்க்கஸ் கூன் என்பாரின் அகல அட்டவணைப்படி எட்டுக் கட்டங்கள். புள்ளிக்குக் கட்டம் இல்லை. மற்றைய எட்டுக்கும் ஒவ்வொரு கட்டம். ஒரு சொல்லுக்கு நான்கு அளவுகள்! கொகரத்தின் குறிக்கு ககரத்தின் பின்னுள்ள கட்டம் ஒதுக்கப்பட, அக்குறியின் கொம்போ ககரத்தின் முன்னே நிற்க விரும்புகின்றது. சில முனையங்களில் கொம்பு பின்னே விழும்; சிலவற்றில் துணையற்ற குறி, புள்ளி வட்டத்தோடு தனித்து நிற்கும். எழுத்தை அழிக்க முற்பட்டால், திரையில் ஒன்று அழிய உள்ளே வேறொன்று அழிவதும் உண்டு. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை என்னும் பெயர்களுக்கும் இதே கதிதான். இகரக் குறிக்கு ஒரு கட்டமும், ஈகாரக் குறிக்குக் கட்டமே இன்மையும் அவ்வட்டவணையின் இன்னொரு முரண்பாடாகும்.

இது வெறும் அழகுக் குறை என்று தள்ளத்தக்கதன்று. ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம். எகரக் குறி, ஆகாரக் குறி என இரண்டாகவும் சேமிக்கலாம். இரண்டும் ஒன்றே என்பது ஒருங்குறியின் விதி. ஆனால், கண்ணுக்கு ஒன்றாய்த் தோன்றும் அவை சேமிப்பில் வேறு வேறு. கொலன்னாவை ஒரு முறையில் 27 பைற்று, மறு முறையில் 30 பைற்று. பைற்றுக்களை மட்டும் ஒப்பிடும் தேடற் கருவி ஒன்றைத் தேடினால் மற்றையதைக் காணாது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் கடற்கோள் நேர்ந்தபோது, இந்நாட்டுத் தொண்டர்கள், லங்கா மென்பொருள் மன்றத்தின் ஒருங்கிணைப்பில் சகானா என்னும் திறந்த மூல மென்பொருளை விரைந்து உருவாக்கினர். காணாமற் போனோரைப் பதிவு செய்து தேடும் பகுதியும் அதில் இருந்தது. 2006ஆம் ஆண்டிற்கான சமூக நலப் பரிசைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு வழங்கிற்று. அத்தகைய பதிவேடுகளைத் தாங்கும் கணினிகளைப் பேணுவோர் முனையத்தின் முன்னரே அமர்கின்றனர். பெயர் ஒன்று திரையிற் சிதைந்து தோன்றினால், அல்லது இருந்தும் அகப்படாது போனால், அப்பெயருக்குரியவரைத் தேடும் தாய்க்கு அது எழுத்துப் பிழை அன்று.

இவ்விடருக்குத் தீர்வு உண்டு. பெயர்களைச் சேமிக்கு முன்னர், இரு வடிவையும் ஒரே வடிவாக்கும் நியம முறை ஒருங்குறியிலேயே வகுக்கப்பட்டுள்ளது. நிரல் எழுதுவோர் அதனைத் தவறாது கையாளுதல் வேண்டும். எம்.எல்.ரேம் என்னும் முனையம் இந்திய மொழிகளின் எழுத்தமைதியைக் கருத்திற் கொண்டு அமைந்தது. அதனை ஆப்ட் வழியாகவே நிறுவலாம். அண்மை ஆண்டுகளில் வந்த முனையங்கள் சில, குறியை அன்றி எழுத்துத் தொகுதியை ஓர் அலகாகக் கொள்ளும் முறையைப் பின்பற்றத் தொடங்கியுள்ளன. கொகரம் ஓரெழுத்து என்று தொல்காப்பியர் காலந்தொட்டு நாம் கொண்ட கொள்கைக்கு இம்முறை நெருங்கியது.

ஆயினும், தொலைவில் வாழும் நிரலாளர் கொம்பும் அரவும் அறியார். அவர்க்கு அதனை எடுத்துரைக்க வல்லவர் நாமே. மூலநிரல் திறந்திருப்பதன் பயன் இங்குதான் உள்ளது. குறையைக் காட்டவும், கற்றவராயின் திருத்தவும் எவருக்கும் உரிமை உண்டு. எனவே, முனையத்தைக் கற்கும் மாணவர் ஒவ்வொருவரும் அதில் தம் ஊர்ப்பெயரைத் தமிழில் எழுதிப் பார்த்தல் நன்று. எழுத்துக்கள் எவ்வாறு தோன்றுகின்றன, அழிக்கும்போது என்ன நேர்கின்றது, தேடினால் அகப்படுகின்றதா என்பவற்றைக் குறித்து, அம்முனையத்தை ஆக்கியோருக்கு எழுதியனுப்புக. ஓர் ஊர்ப்பெயரும் நான்கு வரி விளக்கமும் அதற்குப் போதும்.